உளுத்துப்போன வீடு

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்து ஊரில் நவம்பர் வெயில் மஞ்சளாய் மங்கி விழுகிறது. இடிக்கப்போகும் பழைய மரச்சட்ட வீட்டின் மாடி ஜன்னலில் ஹைட்ரூன் டெஸ்மர் நிற்கிறாள். கட்டடக் கலைஞர், பழங்கட்டடங்களைக் காப்பதற்காக நகராட்சியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவள், பத்திரிகையிலும் எழுதுகிறவள். இந்த வீட்டைப் பற்றிய அவளுடைய கட்டுரையைப் பத்திரிகை ஆசிரியர் நேற்று வெளியிடாமல் நிறுத்திவிட்டார். அதனால் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து உரக்கப் படிக்கிறாள். கீழே இடிக்கும் இயந்திரம் உறுமுகிறது. ரொட்டிக்கடை வாசலில் கூடிய சனங்களுக்கு அவள் வாய் அசைவதுதான் தெரிகிறது.

"இறங்கி வாங்கம்மா! தரையெல்லாம் உளுத்துப் போச்சு!" நகராட்சி அதிகாரி பிராண்டிஸ் கைகளைக் குவித்துக் கத்துகிறார்.

"உளுத்துப் போச்சா?" இயந்திரச் சத்தத்தை மீறி ஹைட்ரூனும் கத்துகிறாள். அவளுக்குக் கனத்த உடம்பு. பூட்ஸ் காலோடு எம்பிக் குதிக்கிறாள். ஒருமுறை, மறுமுறை. தரை முரசாய் அதிர்கிறது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கின்றன. சுண்ணாம்புத் தூள் பிராண்டிஸின் தொப்பியில் உதிர்கிறது. வீடு அசையவில்லை. "நானூறு வருஷத்து ஓக் மரம்யா! நீங்களும் வந்து குதிச்சுப் பாருங்க!"

"போங்களேன் சார், பயமா?" என்கிறாள் ரொட்டிக்கடைக்காரி. கூட்டம் சிரிக்கிறது. பிராண்டிஸ் முகம் சிவக்க இயந்திர ஓட்டுநரிடம் திரும்புகிறார். "நீ ஆரம்பி!"

ஓட்டுநர் மாடியை அண்ணாந்து பார்க்கிறான். சாவியைத் திருப்புகிறான். உறுமல் அடங்குகிறது.

"ஆள் இருக்குது சார். அந்தம்மா படிச்சு முடிக்கட்டும்."

மூச்சிரைக்க, தாளில் படிந்த தூளை ஊதிவிட்டு, ஹைட்ரூன் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறாள்.