சாதனைப் பட்டியலின் முதல் வரி

திரையில் சிவப்பில் நின்ற இணைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளைத்தான் தேடிப் போயின.

வெப்சைட்டக்கா நாற்காலியை இழுத்து மேசையோடு நெருங்கி உட்கார்ந்தாள்.

நீச்சல் சங்கத்தில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குளத்தை ஒட்டிய அறை, குளோரின் வாடை ஊறிப்போன மேசை, எந்நாளும் ஈரம் காயாத மிதியடி. அங்கே உட்கார்ந்து சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

காலையிலிருந்து உடைந்த இணைப்புகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். கோடை முகாம் விண்ணப்பத்தைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வந்தது. நீச்சலுடை வாங்கச் சொன்ன கடை மூடியே வெகுகாலம் ஆகியிருந்தது. 'குளத்துக்கு வரும் வழி' என்பதை அழுத்தினால் ஒரு பல் மருத்துவரின் வாசலில் கொண்டுபோய் விட்டது. அந்த வழியை நம்பி எத்தனை பேர் துண்டும் கையுமாகப் பிள்ளையைக் கூட்டிப் போனார்களோ.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். இவை தானாக உடைந்தவை. கடை மூடும், முகவரி மாறும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

துடுப்பின் பக்கம் அப்படித் தானாக உடையவில்லை.

துடுப்பு என்பது பட்டப்பெயர். அகன்ற உள்ளங்கை அவளுக்கு. தண்ணீரைத் தள்ளினாள் என்றால் பக்கத்துத் தடத்தில் வருகிறவள் வாயில் அலை புகும். இருநூறு மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் அவள் வைத்துவிட்டுப் போன சாதனை இன்னும் அப்படியே நின்றது.

போன வாரம் அவள் ஒரு பத்திரிகையிடம் வாயைத் திறந்தாள். பெண்பிள்ளைகள் ஏன் பாதியிலேயே நீச்சலை விட்டு ஓடுகிறார்கள் என்பதை, தலைமைப் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லியே சொன்னாள்.

மறுநாளே அவளுடைய பக்கம் அழிந்தது. அழித்தது செயலாளரின் கணக்கிலிருந்து.

அந்தச் செயலாளரே இப்போது கையில் தேநீரோடு வந்து பின்னால் நின்றார்.

"இணைப்ப மட்டும் இல்லம்மா, சாதனைப் பட்டியல்ல இருந்து அந்தப் பேரையே எடுத்துடுங்க. அடுத்த பேரு மேல ஏறட்டும். உங்களுக்கு இதுல ஒண்ணும் வருத்தம் இருக்காதே?"

இருக்காது என்றுதான் சங்கமே நினைத்தது. அவளும் துடுப்பும் முகம்கொடுத்துப் பேசியே வருஷக்கணக்காகிறது. பரிசளிப்பு விழாக்களில் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். துடுப்பின் சிரிப்பே அவளுக்கு ஆகாது. ஜெயித்த பிறகு தண்ணீரிலிருந்து ஏறாமல், தடக்கயிற்றில் சாய்ந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"சரி பண்ணிடறேன் சார்," என்றாள்.

செயலாளர் நிம்மதியாகத் தன் அறைக்குப் போனார்.

வாரந்தோறும் தளத்தை நகலெடுத்து வைப்பதும் அவள் வேலைதான். போன மாத நகலைத் திறந்தாள். ஜன்னல் வழியே பயிற்சியாளரின் விசில் கேட்டது. அந்த விசிலுக்கு முதுகு விறைப்பது இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. விறைத்த முதுகோடே துடுப்பின் பக்கத்தைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.

சிவப்புகள் மளமளவென்று பச்சையாயின.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. பக்கத்தின் அடியில் புதிதாக ஓர் இணைப்பைச் சேர்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பத்திரிகைப் பேட்டி முழுசாகத் திறந்தது.

பிறகு சங்கத்தில் சேர்ந்த எல்லா நீச்சல் கிளப்புகளுக்கும் போகிற வாரச் செய்திமடலில் அந்தப் பக்கத்தை முதல் செய்தியாக வைத்து அனுப்பினாள்.

தேநீர் ஆறுவதற்குள் செயலாளர் திரும்பி வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"உடைஞ்சத சரி பண்ணச் சொன்னீங்க. பண்ணிட்டேன்."

"வேலை போயிடும். புரியுதா?"

"போகட்டும் சார். ஆனா இனிமே அந்தப் பக்கத்த அழிச்சா, ஏன் அழிச்சீங்கன்னு ஒவ்வொரு கிளப்பும் உங்களத்தான் கேக்கும்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது கையிலிருந்த போன் அடித்தது. துண்டித்தார். உடனே வேறு யாரோ அழைத்தார்கள். பேசியபடியே வெளியே போனவர், கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார்.

பக்கத்தை அவர் அழிக்கவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

அவள் கிளம்புவதற்கு முன் சாதனைப் பட்டியலை ஒருமுறை சோதித்தாள். முதல் வரியில் துடுப்பு. தொட்டதும் திறந்தது.

அரை விநாடிகூடப் பின்தங்காத இரண்டாவது வரியையும் தொட்டாள். செய்கிற வேலையை முழுசாகச் செய்துதான் அவளுக்குப் பழக்கம்.

அதுவும் திறந்தது. ஈரம் சொட்டும் தலையோடு, கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு, மேல்படியில் நிற்கிறவளை முறைத்துக்கொண்டு நின்றாள், இருபது வயதுகூட நிரம்பாத வெப்சைட்டக்கா.