மீசைப் பந்தயம்

"ஏப்பா ஸ்தனிஸ்லாசு, என் மீசை நிக்கிறதும் போறதும் இனி உன் கையிலதான் இருக்கு!"

பூ மண்டி முதலாளி பெருமாள்சாமி ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே நின்று கூப்பாடு போட்டார். பின்னால் அவருடைய பழைய கறுப்புக் கார், முகப்பில் மல்லிகைச் சரமும் கண்ணாடியில் சந்தனப் பொட்டுமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தன் கைபட்டு ஓடாத வண்டி திண்டுக்கல்லிலேயே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் அவன்.

"மீசைக்கு என்ன வந்துச்சு மொதலாளி?"

"எம் மச்சான் அழகர்சாமிகூடப் பந்தயம். நாளைக்கு வடமதுரைக் கல்யாணத்துக்கு அவன் கார்ல அவன், என் கார்ல நான். பிந்திப் போறவன் பந்தல்லயே உக்காந்து மீசையை எடுக்கணும்."

"சரி, வண்டிக்கு என்ன கோளாறு?"

"ரெண்டு நாளா இப்படித்தான். கெளம்பையில நல்லாத்தான் போகுது. நாலு மைல் தாண்டுனா வம்பு. வேகம் எடுக்க மிதிச்சா ஒரு பாய்ச்சல் பாயும், ஒடனே சுணங்கிரும். மறுபடி மிதிச்சா மறுபடி சுணங்கும். கட்டை வண்டிக்காரன்லாம் பார்த்துச் சிரிக்கிறான்யா!"

"சூடேறுனாச் சுணங்குதா? அப்ப எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்புதான். செத்த நேரம் இருங்க, ஒரு கை பார்த்துர்றேன்."

கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக்குகளைச் சுரண்டினான். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினான். பிறகு, டயர்ச் செருப்புக் காலால் ஆக்சிலேட்டரை அழுத்தி வடமதுரை ரோட்டில் காரை விட்டான். உச்சி வெயிலில் புளியமரங்கள் பின்னால் பறந்தன. நாலு மைலும் தாண்டியது, கார் சுணங்கவே இல்லை. பக்கத்தில் பெருமாள்சாமி மீசையை முறுக்கிக்கொண்டார்.

"பார்த்தீகளா? இப்ப நீங்க ஓட்டுங்க."

இடம் மாறி உட்கார்ந்த பெருமாள்சாமி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிதித்தார். கார் பாய்ந்தது, உடனே சுணங்கியது. திரும்பவும் பாய்ந்தது, திரும்பவும் சுணங்கியது. ஸ்தனிஸ்லாஸின் நெற்றி கண்ணாடியில் முட்டியது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபடி முந்திப் போக, கடைசி சீட்டில் இருந்தவர்கள் டாட்டா காட்டினார்கள்.

ஓரமாக நிறுத்தி ஸ்தனிஸ்லாஸ் மறுபடியும் பானட்டைத் திறந்தான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்தக் கதை வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் தன்னிடம் வண்டியை விடுவான்?

"எனக்கு ஓடுது, உங்களுக்கு ஓட மாட்டேங்குதே மொதலாளி!"

"காருக்குக்கூட என்னைப் பிடிக்கலையா?" இறங்காமல் உட்கார்ந்திருந்த பெருமாள்சாமி, கண்ணாடியில் தன் மீசையைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாவமாக இருந்தது.

கம்பி ஏதாவது சிக்குகிறதா என்று பார்க்க ஸ்தனிஸ்லாஸ் கதவோரம் குந்தி, ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தினான்.

"ஸ்ஸ்! ஆத்தாடி!"

தோசைக்கல் மாதிரிச் சுட்டது. எஞ்சின் சூடு முழுக்க அங்கேதான் இறங்கியிருந்தது. கையை உதறிக்கொண்டே முதலாளியின் கால்களைப் பார்த்தான்.

"மொதலாளி, செருப்பு எங்க?"

"டிக்கியில கெடக்கு. காரு மகாலட்சுமியில்லப்பா? செருப்புக் காலோட ஏறலாமா?"

"அங்கிட்டுச் சுடலையா உங்களுக்கு?"

"சுடத்தான் செய்யும். எல்லாக் காரும் அப்படித்தான்னு நெனச்சேன்."

ஸ்தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சூடு பட்டதும் உங்க காலு தானா எந்திரிச்சுருது. வண்டி பாவம், என்ன பண்ணும்? நாளைக்குச் செருப்போட ஓட்டுங்க, மீசை தப்பிச்சுது. ஆமா, இந்தப் பக்தியை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எம் மச்சான்தான். ரெண்டு நாளைக்கு முன்ன, பந்தயம் கட்டுன அன்னிக்கே சொன்னான். 'காருக்குள்ள செருப்புப் போட்டா வீட்டுக்கு ஆகாது மச்சான், கழட்டிட்டு ஏறுங்க'ன்னு அம்புட்டு அக்கறையாச் சொன்னான்."

பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கை தானாக மீசைக்குப் போனது.

"அடப்பாவி! அவன் கார்ல ஏறுறதும் எறங்குறதும் பூட்ஸ் காலோடதானே!"