சுண்டெலிக்கு ஒரு மெயில்

'அந்தச் சுண்டெலி பேச்சு இல்லாமல் இவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காதா?' மனைவிக்கு உள்ளே புகைந்தது.

"செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க என்னமா ஒரு கோட் லைப்ரரி எழுதியிருக்கா! ஃபைல்ல தப்பிருந்தா, எந்த வரி, என்ன தப்புன்னு பொறுமையா எடுத்துச் சொல்லுது," என்றான் கணவன்.

"பெரிய அதிசயம்!"

"கோடிங்கை விட்டுட்டு வீட்ல இருக்கிற உனக்கு அது எங்க புரியப்போகுது?"

குழந்தை தூங்கும் நேரங்களில் அந்த லைப்ரரியை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அந்த நிரல் தொகுப்பை, எழுதி, சுண்டெலி என்ற புனைபெயரில் இணையத்தில் போட்டது அவள்தான். ஆனாலும் பொறாமை அடங்கவில்லை. தன்னிடம் அவன் குரல் இப்படிக் குழைந்து எத்தனை நாளாயிற்று!

"எங்க டீமுக்குக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு மெயில் எழுதிக் கொடேன். உனக்குத்தான் நயமா எழுத வரும்."

"நான் எழுதலை. நீங்களே எழுதுங்க," என்றாள், குரலை உயர்த்தாமல்.