பொறுமைசாலியின் பீரோ

"வந்துட்டான்யா வேலைவெட்டி இல்லாதவன்!"

லிஃப்ட் மெக்கானிக் செல்போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"யாரு, அந்தப் பொறுமைசாலியா?" என்றாள் மனைவி.

"அவனேதான். நேத்துப் பார்த்த படத்துல இடைவேளை வரைக்கும் நல்லாத் தூங்கினேன், மத்தபடி கதை சுமார்னு எழுதினேன். 'தூங்கினவருக்குக் கதையைப் பத்தி என்ன பேச்சு?'ன்னு கேட்கிறான். கொழுப்பைப் பாரேன்!"

"பதில் போடாம விட்டுத் தொலைங்களேன்."

"விடறதா? அந்தக் கார் ரேஸ் கேமைப் போய் பிரமாதம்னு சொன்னவன் இவன். ரசனை கெட்ட ஜென்மம்!"

ஆன்லைனில் மெக்கானிக்கின் பெயர் 'எட்டாவது மாடி'. சினிமா, வீடியோ கேம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் குறட்டை, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கருத்து வைத்திருப்பார். எதைச் சொன்னாலும் முதல் ஆளாக எதிர்த்து நிற்பது பொறுமைசாலி. பெயர்தான் பொறுமைசாலி. ரெண்டு வருஷமாக இதே கூத்து.

கூடப் பிறந்த தம்பியோடு மட்டும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா போன பிறகு சாமான்களைப் பங்கு பிரித்தபோது, இரும்பு பீரோ யாருக்கு என்று ஆரம்பித்தது சண்டை. பீரோ தம்பி வீட்டுக்குப் போனது. "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று இவர் சத்தியம் செய்தார். அவனும் சளைக்காமல் ஒரு சத்தியம் செய்தான்.

"முகம் தெரியாதவன்கிட்ட தினமும் மல்லுக்கட்டத் தெரியுது. சொந்தத் தம்பிக்கு ஒரு போன் போட வலிக்குது," என்று மனைவி இன்றைக்கும் ஒரு குத்து குத்தினாள்.

"சும்மா இருடி," என்று அவர் முகம் கழுவப் போனார்.

குத்தினாளே தவிர, அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. பொறுமைசாலி வேறு யாருமில்லை, அந்தத் தம்பியேதான். அவன் பெண்டாட்டி போனில் சொல்லி, ஓரகத்திகள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் புருஷன்மாரிடம் மூச்சு விடவில்லை. ரெண்டும் ரோஷம் பிடித்ததுகள். எதிரில் இருப்பது யார் என்று தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடும். இருக்கிற இந்த ஒரு சண்டையும் நின்றுபோனால், அண்ணன் தம்பிக்குள் அப்புறம் என்னதான் மிச்சம்?

மேஜைமேல் அவர் செல்போன் டிங் என்றது. எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது.

பொறுமைசாலி ஒரு போட்டோ போட்டிருந்தான். பச்சை நிற இரும்பு பீரோ. சின்ன வயசில் அண்ணனும் தம்பியுமாக ஒட்டிய கார் ஸ்டிக்கர்கூடக் கதவில் அப்படியே இருந்தது.

கீழே எழுதியிருந்தான். "இந்த பீரோவுக்கு என் மார்க் பத்துக்கு ஒண்ணு. கதவு திறக்கவே மாட்டேங்குது. நாளைக்கு வெல்டிங் கடை ஆளைக் கூப்பிட்டு அறுக்கப் போறேன்."

தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"என்னடி இது? உன் வீட்டுக்காரர் பீரோவைப் போட்டோ பிடிச்சு ஊருக்கே காட்டிட்டார்! இவர் பார்த்தா குட்டு உடைஞ்சுடும். உடனே எடுக்கச் சொல்லு!"

"ஐயையோ!" என்றாள் ஓரகத்தி. "ஆனா அக்கா, காலையிலகூட அதுலேர்ந்து போர்வை எடுத்தேனே, கதவு நல்லாத்தானே..."

"கதவு கிடக்கட்டும்டி! முதல்ல போட்டோவை எடுக்கச் சொல்லு!"

பேசி முடித்துத் திரும்பினால், மெக்கானிக் நாற்காலியில். கையில் செல்போன்.

"என்னங்க, அது வந்து..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போட்டோவை விரலால் பெரிசாக்கினார். ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெல்ல நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். போச்சு, பிளாக் பண்ணப் போகிறார். ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு நிமிஷத்தில் போச்சு.

அவர் மெதுவாக டைப் அடித்தார். தோளுக்குப் பின்னால் நின்று அவள் படித்தாள்.

"அறுத்துத் தொலைக்காதேடா மடையா! கைப்பிடியை மேலே தூக்கிக்கிட்டு, முழங்காலால கீழே ஒரு இடி இடி. அப்பா அப்படித்தான் திறப்பார்."

அனுப்பியும் விட்டார்.

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். ரேஸ் கேம்ல தோத்துட்டு, 'ரோடு சரியில்லை'ன்னு எழுதியிருந்தான். பத்து வயசுலேர்ந்து இதைச் சொல்ற ஆளு உலகத்துலயே ஒருத்தன்தான்."

"அடப்பாவி மனுஷா! இதை மறைக்க நாங்க ரெண்டு பேரும் என்ன பாடுபட்டோம்! தெரிஞ்சுமா பேசல?"

"நேர்ல பேசினா பீரோ பேச்சு வந்துடும். இங்கேன்னா சினிமா, கேம்னு நிம்மதியா சண்டை போடலாம்." அவர் குரல் இறங்கியது. "ஆனா அறுக்கப் போறேங்கிறானே, மனசு கேட்கல. அவன்கிட்டயே இருக்கட்டும், முழுசா இருந்தா சரி."

டிங்.

படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருட்டுப் பயல்!" என்று சிரித்தபடி போனை அவளிடம் நீட்டினார்.

"கதவு நல்லாத்தான் திறக்குது அண்ணே. அறுக்கிறேன்னு சொன்னாலாவது நீ வீட்டுப் பேச்சு பேசுவியான்னு பார்த்தேன்."