தகுதி

"வாழ்த்துகள் ஸ்லாவிட்சா! மூணு வருஷமா உங்க ஊர்ல ஒருத்தருக்குக்கூட எச்.ஐ.வி. புதுசா வரலியே!"

தலைநகரிலிருந்து வந்த அதிகாரி கைகுலுக்கினார். பிதோலா நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால், போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளும் சின்னத் தொண்டு நிறுவனம் அவளுடையது. பூரித்துப்போய்க் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அதனால அடுத்த மாசத்துலேர்ந்து நிதி கிடையாது. நோயில்லாத ஊருக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

"ஐயா, நாங்க ஊசி கொடுக்கிறதாலதானே நோய் இல்ல!"

"இருக்கலாம். விதிப்படி உங்களுக்குத் தகுதி இல்ல."

நிறுவனத்தை மூடிய அன்று பெயர்ப் பலகையைக் கழற்றியவன் பிளாஷே. போதையை உதறிவிட்டு, அவளுக்காகத் தெருத்தெருவாக ஊசி கொண்டுபோனவன்.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அவளே ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அதே அதிகாரி கடைக்கே தேடி வந்தார். வாயெல்லாம் பல்.

"நல்ல சேதிம்மா! உங்க ஊருக்கு மறுபடியும் தகுதி வந்தாச்சு. நாளைக்கே ஆரம்பிச்சுடுங்க."

ஸ்லாவிட்சா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேருக்கு வந்திருக்கு?"

"பதினேழு. சட்டுனு பிடிச்சுட்டா மேல பரவாது. உங்ககிட்ட ஒரு பையன் இருந்தானே, பிளாஷேவோ என்னவோ? அவனையும் சேர்த்துக்குங்க."

"அவனையும் சேர்த்துத்தான் ஐயா பதினேழு."