வாசல் இல்லாதது

மூன்றாவது தடவையாக மேலாளர் அந்தப் பதிவைத் திருப்பி அனுப்பியிருந்தார். எங்கள் படக் காப்பகத்தில் விதி ஒன்றுதான்: ஆள் உள்ளே போக வழி இருந்தால் ‘கட்டடம்’, இல்லாவிட்டால் ‘கட்டுமானம்’. இதுவோ நாலு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். உயரமான செங்கல் கட்டு. நாலு பக்கமும் எடுத்திருக்கிறார்கள். எதிலும் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. ‘கட்டுமானம்’ என்றுதான் போட்டிருந்தேன்.

எரிச்சலோடு அவர் மேசைக்குப் போனேன்.

“வாசலே இல்லாததுக்குள்ள யார் சார் போக முடியும்?”

“மேல கொடியில கிளிப் மாட்டி மூணு சட்டை காயுதேம்மா. அதை யார் காயப்போட்டாங்க?”

“படம் எடுக்க வந்தவங்க ஏணி வச்சு ஏறியிருப்பாங்க.”

“ஏறி, துணியும் துவைச்சாங்களாக்கும்.”

இந்த மனிதரோடு மல்லுக்கட்டினால் நமக்குத்தான் தலைவலி. இடத்துக்கு வந்து, வீம்புக்கு மறுபடியும் ‘கட்டுமானம்’ என்றே அடித்தேன். வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“வீட்ல துணி எல்லாம் வெளியில கிடக்கே,” என்று பக்கத்து மேசை அக்கா புலம்பினாள்.

சேமிப்பதற்கு முன் கொடி தெரியும் படத்தை ஒருமுறை பார்த்தேன். அதில் எப்போதும்போல் நல்ல வெயில் அடித்தது. கொடியில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன.