வால் குருவிக் கூடு

மகாலிங்கம் சார் சொன்ன கதையை முருகையா பல வருடங்களாக முழுசாக நம்பியதில்லை. பொய் என்று சொல்லவும் வாய் வந்ததில்லை. பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பொய் சொல்வாரா?

இன்று ராசா மண்டபத்தில் அவருடைய பறவைப் படக் கண்காட்சி. முருகையா வந்தது படம் பார்க்க அல்ல.

“சார், எஸ்டேட் ஓடைப் பக்கம் வர்ற பறவைப் பூங்காவுக்குக் காவலாளி தேடுறீங்களாமே. நம்ம சன்னாசியைப் போடலாமா?”

மகாலிங்கத்தின் முகம் சிவந்தது.

“அந்தக் கொலைகாரனையா? பூனையைக் கொண்டாந்து காவல் வைக்கச் சொல்றியா?”

“புல்லு வெட்டுற கான்ட்ராக்ட் போச்சு, எஸ்டேட் வீடும் போச்சு. இப்ப லோபாக் டவுன்ல கார் கழுவுறான் சார். இன்னுமா கோபம்?”

“ஆமா லா! இங்க வந்து பாரு!”

கையைப் பிடித்து இழுத்துப் போனார். சுவரில் ஆள் உயரத்துக்கு அந்தப் படம். முருகையா இதுவரை கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறான்.

இளம் ரப்பர் மரத்தின் கவட்டையில் கூடு. முழ நீள வெள்ளை வாலைத் தொங்கவிட்டபடி வால் குருவி இரை ஊட்டுகிறது. வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள். கூட்டின் மேல் நிழலே விழாத பளீரென்ற வெயில்.

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். மகாலிங்கம் குரலை உயர்த்தினார்.

“மார்ச் மாசம், ரப்பர் துளிர்விட்ட நேரம். காலையில இதை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் இந்தச் சன்னாசி பாராங் கத்தியோட போயி கிளையை எல்லாம் வெட்டிச் சாய்ச்சிட்டான். நிழல் இல்லாம மூணு குஞ்சும் வெயில்ல வெந்து செத்துச்சு!”

“ச்சே, மனுஷனா அவன்?” என்றாள் ஒருத்தி.

“நான்தான் மேனேஜர்கிட்டச் சொல்லி அவனை விரட்டினேன்!”

முருகையாவுக்கும் சன்னாசி மேல் எரிச்சல் வந்தது. கேட்கிற போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றுதான்: ‘நான் போறப்பவே கிளை கீழ கெடந்துச்சுண்ணே.’ இத்தனை பேர் எதிரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

தலையைக் குனியப் போனவன், மறுபடியும் படத்தைப் பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான்.

“என்ன, அழுகை வருதா?” என்றார் மகாலிங்கம்.

முருகையாவின் விரல் கூட்டுக்கு மேலே ஒரு கிளை முனையைத் தொட்டது.

“சார், வெட்டின உடனேதான் ரப்பர் கிளையில பால் சொட்டும். சன்னாசி போனது மத்தியானம். காலையில நீங்க எடுத்த படத்துலயே இங்க பால் சொட்டுதே… இந்தக் கிளையை யாரு சார் வெட்டினது?”